அப்பீல் நம்பர் என்ன என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: ஐயா, நாங்கள் ஒட்டன்சத்திரம் பக்கம் கிராமம். நான் நூல் மில்லில் வேலை பார்க்கிறேன். 2018-ல் எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைக்காரர் ஒருவரை ராத்திரியில் யாரோ வெட்டிப் போட்டுவிட்டார்கள். கடை பாக்கி விஷயமாக அதற்கு ஒரு வாரம் முன்னால் என் தம்பிக்கும் அவருக்கும் வாய்ச்சண்டை நடந்திருந்தது. அதை வைத்துத் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த நேரத்தில் அவன் காய்கறி மார்க்கெட்டில் லோடு இறக்கிக்கொண்டிருந்தான். அந்த லாரியின் எடை மேடைச் சீட்டு இன்னும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. எங்கள் வக்கீல் அதைக் கோர்ட்டில் கொடுக்கவே இல்லை. தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன் என்று பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சாட்சி சொன்னார். தம்பி காட்டிக்கொடுத்து அரிவாளை எடுத்ததாகப் போலீசார் சொன்னார்கள். 2022 மார்ச்சில் ஆயுள் தண்டனை ஆகி, மதுரை ஜெயிலில் இருக்கிறான். ஒன்றரை ஏக்கரை விற்றுவிட்டோம். அப்பீல் போட்டாச்சு, பெண்டிங்கில் இருக்கிறது என்கிறார் வக்கீல். ஒரு வாய்தாவும் வரவில்லை. அமெரிக்காவில் தப்பாகத் தண்டனை அடைந்தவர்களை டிஎன்ஏ சோதனை செய்து இலவசமாக வெளியே கொண்டுவரும் அமைப்பு இருக்கிறதாம். அவர்களுக்கு எழுதலாமா? நம் பக்கம் அப்படி யாராவது இருக்கிறார்களா? ஹைகோர்ட்டில் ஆள் இருக்கிறது, இரண்டு லட்சம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் வீட்டுக்கு வருகிறார். கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மதுரையில் 22 வருடமாக கிரிமினல் வழக்குகள் நடத்துகிறேன். இப்படிப் பணம் கொடுத்துவிட்டு எங்களிடம் வந்த குடும்பங்கள் நிறைய. ஒருவருக்கும் வழக்கு ஓர் அங்குலம் நகரவில்லை. பணம் கைக்குப் போனதும் அந்த ஆள் போனை எடுப்பதை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். நீங்களும் வெளியே சொல்ல முடியாது, ஏனென்றால் லஞ்சம் கொடுக்கப் போனேன் என்று உங்கள் வாயாலேயே சொல்லவேண்டி வரும். அடுத்த முறை அவர் வந்தால், எங்களுக்கு வேறு வக்கீல் வைத்தாயிற்று என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். இந்த வழக்கை நடத்த இரண்டு லட்சம் தேவையே இல்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய இடம் அமெரிக்க அமைப்பைப் பற்றிய கேள்வி இல்லை. “அப்பீல் போட்டாச்சு, பெண்டிங்” என்ற அந்த வார்த்தைதான். என்ன நம்பர் என்று நீங்கள் எழுதவில்லை. வக்கீல் சொல்லியிருக்க மாட்டார், நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அப்பீல் பேப்பரைக் கொடுத்தவுடன் ஒரு எஸ்.ஆர். நம்பர் விழும். பேப்பர் வந்து சேர்ந்தது என்பதற்கு அது அடையாளம். அப்புறம் செக்‌ஷனில் சரிபார்ப்பார்கள். தீர்ப்பின் நகலில் ஒரு பக்கம் இல்லை, தாமதத்துக்கு மனு இல்லை, வக்காலத்தில் ஜெயில் அதிகாரியின் கையெழுத்து இல்லை என்று ஏதாவது இருந்தால் குறை எழுதித் திருப்பிவிடுவார்கள். அதைச் சரிசெய்து மறுபடி கொடுத்தால்தான் ‘கிரிமினல் அப்பீல் எம்.டி.’ என்று ஆரம்பித்து ஒரு எண்ணும் வருடமும் கிடைக்கும். அந்த நம்பர் விழாதவரை உங்கள் தம்பியின் அப்பீல் எந்த நீதிபதியின் முன்னும் வராது. திருப்பிக் கொடுத்த கட்டு வக்கீல் ஆபீஸ் அலமாரியில் தூங்கும். கேட்டால் பெண்டிங் என்பார்கள். அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, நடந்திருக்கிறது. உத்தரப்பிரதேசத்தின் லலித்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர் 2000-ல் கைதாகி, பாலியல் வன்கொடுமை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றார். ஜெயிலிலிருந்து அவர் போட்ட அப்பீல் ‘குறைபாடு உள்ளது’ என்ற நிலையிலேயே 16 வருடம் கிடந்தது. கடைசியில் அரசு இலவச சட்ட உதவி மூலமாக வழக்கு எடுக்கப்பட்டு, 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. படித்துப் பார்த்த நீதிபதிகளுக்குச் சாட்சியங்கள் நிற்கவில்லை என்று தெரிந்துவிட்டது. அதைப் படிக்கிற நாள் வருவதற்குள் மனிதர் 20 வருடம் உள்ளே இருந்துவிட்டார்.

அதனால் இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். தம்பியின் செஷன்ஸ் கேஸ் நம்பர் தீர்ப்பின் முதல் பக்கத்திலேயே இருக்கும். அதை எழுதி வைத்துக்கொண்டு வக்கீலிடம் போய், “ஐயா, ஹைகோர்ட் அப்பீல் நம்பர் என்ன? இல்லையென்றால் எஸ்.ஆர். நம்பர் என்ன?” என்று கேளுங்கள். மரியாதையாகவே கேளுங்கள். நம்பர் கொடுத்தால் ஈ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டு நீங்களே நிலவரத்தைப் பார்க்கலாம். மழுப்பினால் அப்பீல் இன்னும் நம்பர் ஆகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி இருந்தாலும் கதை முடிந்துவிடவில்லை. ஆயுள் தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போக 60 நாள் கெடு. அது தாண்டியிருந்தால், காரணம் சொல்லித் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு போடலாம். வக்கீலை நம்பிக் காத்திருந்தோம், ஆள் ஜெயிலில் இருக்கிறான் என்பது கோர்ட் காதில் விழாத காரணம் இல்லை. ஆனால் தெரிந்த பிறகும் சும்மா இருந்தால் அதற்குப் பதில் சொல்வது கஷ்டம்.

இன்னொன்று. பழைய வக்கீலிடமிருந்து கட்டைத் திருப்பிக் கேட்டால் “மீதி ஃபீஸைக் கட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போ” என்று சொல்லக்கூடும். ஃபீஸ் பாக்கிக்காக வழக்குப் பேப்பர்களைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. சண்டை போடவேண்டாம், தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

சரி, அமெரிக்காவுக்கு வருகிறேன். நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். இன்னசன்ஸ் புராஜெக்ட் என்று பெயர். பேரி ஷெக், பீட்டர் நியூஃபெல்ட் என்ற இரண்டு வக்கீல்கள் 1992-ல் நியூயார்க்கில் கார்டோசோ சட்டக் கல்லூரியில் ஆரம்பித்தார்கள். சட்டம் படிக்கும் மாணவர்களே கைதிகளின் கடிதங்களைப் படித்து, பழைய பேப்பர்களைத் தோண்டி எடுப்பார்கள். 1989 முதல் 2020 வரை அந்த நாட்டில் 375 பேர் டிஎன்ஏ சோதனையால் நிரபராதி என்று தெரியவந்து விடுதலை ஆனார்கள். அதில் 21 பேர் மரண தண்டனைக் கொட்டடியில் இருந்தவர்கள்.

அவர்கள் இந்தியாவில் வழக்கு நடத்த முடியாது, அதனால் எழுதிப் பயன் இல்லை. ஆனால் அவர்களுடைய கணக்கில் உங்களுக்கு வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. அந்த 375 பேர் எப்படி மாட்டிக்கொண்டார்கள் என்று பார்த்தபோது, ஏறத்தாழ பத்தில் ஏழு வழக்கில் கண்ணால் பார்த்தேன் என்ற சாட்சி ஆளை மாற்றி அடையாளம் காட்டியிருக்கிறார். அவர்களில் பலர் பொய் சொல்ல நினைத்தவர்களே இல்லை. இருட்டு, பதற்றம், போலீசார் முதலில் காட்டிய போட்டோ எல்லாம் சேர்ந்து அந்த முகம் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் சத்தியம் பண்ணிச் சொல்வார்கள். உங்கள் தம்பி வழக்கில் தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்த சாட்சியும் அப்படிப்பட்டவராக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

டிஎன்ஏ உங்களுக்கு உதவுமா? ரத்தம், முடி, விந்து, நகத்துக்குள் ஒட்டிய தோல் என்று ஏதாவது கொலையாளியிடமிருந்து சம்பவ இடத்தில் விழுந்து, அதை எடுத்துப் பத்திரமாக வைத்திருந்தால் உதவும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படி ஒன்றும் தெரியவில்லை. அதற்காக மனம் தளர வேண்டாம். டிஎன்ஏ இல்லாமல் வெளியே வந்தவர்கள் இன்னும் அதிகம்.

அலபாமா மாநிலத்தில் வால்டர் மெக்மில்லியன் என்றொரு கறுப்பினத் தொழிலாளி. 1988-ல் கொலை வழக்கில் தண்டனை. கொலை நடந்த நேரத்தில் அவர் வீட்டில் சர்ச்சுக்காக மீன் பொரித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்தவர்கள் வந்து சொன்னார்கள், எடுபடவில்லை. பிரையன் ஸ்டீவன்சன் என்ற வக்கீல் கட்டணமில்லாமல் வழக்கை எடுத்தார். முக்கிய சாட்சி போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலத்தின் ஒலிநாடா அவர் குழுவுக்குக் கிடைத்தது. ஒரு பக்கம் கேட்டு முடித்து, திருப்பிப் போட்டார்கள். மறுபக்கத்தில் அதே சாட்சி, சம்பந்தமே இல்லாத ஒருவனை மாட்டிவிடச் சொல்லி என்னைக் கட்டாயப்படுத்துகிறீர்களே என்று புலம்பிக்கொண்டிருந்தார். 1993 மார்ச்சில் மெக்மில்லியன் வெளியே வந்தார். நாடாவைத் திருப்பிப் போட ஒருவர் பொறுமையாக உட்கார்ந்தார், அதுதான் அங்கே நடந்த வேலை. எங்கள் வேலையும் முக்கால்வாசி அதுதான்.

நம் நாட்டில் அந்த அளவுக்குப் பெரிய அமைப்பு இல்லை. டில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் புராஜெக்ட் 39ஏ என்ற பெயரில் ஒரு குழு வளர்ந்தது. அவர்கள் பெரும்பாலும் மரண தண்டனை வழக்குகளை எடுத்தார்கள். புனே கொலை வழக்கில் 28 வருடம் உள்ளே இருந்த ஒருவரை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. ராஜஸ்தானில் அவர் படித்த கிராமத்துப் பள்ளியின் பதிவேடு, சம்பவத்தின்போது அவருக்கு வயது 12 என்று காட்டியது. சிறுவனை மரண தண்டனைக் கைதியாக வைத்திருந்திருக்கிறார்கள். அவருக்காக நின்றது அந்தக் குழு. அது தவிர ஊருக்கு ஊர் நாலைந்து வக்கீல்கள் சேர்ந்து, சொந்த வருமானத்தில் கொஞ்சம் ஒதுக்கிக் கைதிகளின் அப்பீலை நடத்துகிற சிறு குழுக்கள் இருக்கின்றன. நாங்களும் அப்படித்தான். நாலு பேர், ஒரு குமாஸ்தா. வருகிற எல்லா வழக்கையும் எடுக்க முடியவில்லை என்பது எங்கள் வருத்தம்.

அந்தக் குழுவின் பெயரில் உள்ள 39ஏ என்பது நம் அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவு. காசில்லாத காரணத்தால் ஒருவருக்கு நீதி மறுக்கப்படக் கூடாது, அரசு இலவச சட்ட உதவி தரவேண்டும் என்கிறது. அதற்காக 1987-ல் சட்டம் போட்டார்கள். பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று அதன் 12-வது பிரிவில் இருக்கிறது: காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் இலவச வக்கீல் பெறத் தகுதி உண்டு, வருமானம் எவ்வளவு என்று கேட்கக் கூடாது. உங்கள் தம்பி ஜெயிலில் இருக்கிறார். அந்த ஒரு தகுதியே போதும். வருமானச் சான்றிதழுக்கு நீங்கள் தாலுகா ஆபீசில் நிற்கவேண்டியதில்லை.

மத்திய சிறைக்குள்ளேயே சட்ட உதவி மையம் இருக்கும். தம்பி அங்கே ஒரு மனு எழுதிக் கொடுத்தால் அது உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழுவுக்குப் போகும், அவர்கள் ஒரு வக்கீலை நியமிப்பார்கள். வெளியிலிருந்து நீங்களும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கொடுக்கலாம், 15100 என்ற எண்ணுக்குப் போன் பண்ணியும் கேட்கலாம். தீர்ப்பின் நகல் ஒன்று கைதிக்கு இலவசமாகத் தரப்படவேண்டும். அப்பீல் செய்ய இலவச வக்கீலும் தரவேண்டும் என்று 1978-லேயே நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். இது யாரும் போடுகிற பிச்சை இல்லை, தம்பியின் உரிமை. நிமிர்ந்து நின்று கேட்கச் சொல்லுங்கள்.

இலவச வக்கீல் என்றால் அக்கறை இருக்காதே என்ற பயம் உங்களுக்கு வரும். எல்லாரும் ஒரே மாதிரி இல்லை என்பது உண்மை. அதற்கு என்னால் சொல்ல முடிந்த மருந்து ஒன்றுதான்: வக்கீல் கேட்பதற்கு முன்னால் கட்டு உங்கள் கையில் தயாராக இருக்கவேண்டும். அடுக்கி வைத்த கட்டோடு வருகிற குடும்பத்தை எந்த வக்கீலும் உட்காரவைத்துப் பேசுவார்.

கட்டில் என்னென்ன வேண்டும்? முதல் தகவல் அறிக்கை, சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீசார் எழுதிய பார்வை மகஜர், அந்த இடத்தின் மாதிரி வரைபடம், பிரேதப் பரிசோதனைச் சான்று, குற்றப் பத்திரிகை, சாட்சிகள் ஒவ்வொருவரும் கோர்ட்டில் சொன்ன வாக்குமூலம், அதில் நம் பக்கம் கேட்ட குறுக்கு விசாரணை, தம்பியிடம் நீதிபதி கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன பதிலும், கடைசியாகத் தீர்ப்பு. திண்டுக்கல் கோர்ட்டில் நகல் மனு போட்டால் சான்றிட்ட நகலாகவே வாங்கலாம்.

இதை எப்படிப் படிப்பது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். சில வருடம் முன்பு எங்களிடம் ஒரு ஆயுள் கைதியின் கட்டு வந்தது, முந்நூறு பக்கம் இருக்கும். காலை எட்டு மணிக்கு புகார் வாங்கி உடனே முதல் தகவல் அறிக்கையைக் கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்று இன்ஸ்பெக்டர் கூண்டில் ஏறிச் சொல்லியிருந்தார். நகலை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஓரத்தில், முத்திரைக்குப் பக்கத்தில், மாஜிஸ்திரேட் சின்னதாகக் கையெழுத்துப் போட்டு நேரம் எழுதியிருந்தார். இரவு 8.40. காவல் நிலையத்திலிருந்து கோர்ட் நடந்து போகிற தூரம். பன்னிரண்டு மணி நேரம் அந்தத் தாள் எங்கே இருந்தது? அந்த நேரத்தில் யார் யார் பெயர் அதில் ஏறியது? விசாரணை கோர்ட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை. அந்த ஒரு கையெழுத்து மட்டும் அவரைக் காப்பாற்றவில்லை. ஆனால் அங்கேதான் நூல் நுனி கிடைத்தது. பிடித்து இழுக்க இழுக்க மற்றதும் வந்தது.

உங்கள் கட்டில் நான் முதலில் தேடுவது அந்தத் தெருவிளக்கை. மாதிரி வரைபடத்தில் விளக்குக் கம்பம் போட்டிருக்கிறதா? கம்பத்துக்கும் பிணம் கிடந்த இடத்துக்கும் எத்தனை அடி? அன்று ராத்திரி கரண்ட் இருந்தது என்று சொல்ல மின்வாரிய ஊழியரைச் சாட்சியாகப் போட்டார்களா? அப்புறம், அந்தப் பக்கத்து ஊர்க்காரருக்கு உங்கள் தம்பியை முன்னாடியே தெரியுமா? தெரியாது என்றால், ஜெயிலில் மாஜிஸ்திரேட் முன்னால் அடையாள அணிவகுப்பு நடத்தினார்களா, இல்லை நேரே கோர்ட்டில் கூண்டில் நின்றவரைக் கைகாட்டினாரா? முன்பின் தெரியாத ஒருவரை முதல்முதலாகக் கோர்ட்டில் கைகாட்டுவது பலவீனமான சாட்சியம். அவரைப் போலீசார் எத்தனை நாள் கழித்து விசாரித்தார்கள் என்பதையும் பார்க்கவேண்டும்.

மகாராஷ்டிராவில் நாசிக் பக்கம் 2003-ல் நடந்த வழக்கு ஒன்று. நாடோடி இனத்தைச் சேர்ந்த ஆறு பேருக்கு உச்ச நீதிமன்றமே 2009-ல் மரண தண்டனை என்று சொல்லிவிட்டது. பத்து வருடம் கழித்து 2019 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் நிரபராதிகள் என்று விடுவித்தது. காரணம் என்ன தெரியுமா? சம்பவம் நடந்தவுடனே, உயிர் தப்பிய பெண்மணி போலீசாரின் போட்டோ ஆல்பத்தில் வேறு நான்கு பேரைக் கைகாட்டியிருந்தார். அந்த நாலு பேரை யாரும் விசாரிக்கவே இல்லை. அந்தத் தாள் ஆரம்பத்திலிருந்தே கட்டுக்குள்தான் இருந்தது.

அரிவாள் விஷயம். போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. அதைத் தொடர்ந்து ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருளைக் காட்டிய பகுதி மட்டும் செல்லும். அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது யார்? வழக்கமாக கிராம நிர்வாக அலுவலரும் தலையாரியும் இருப்பார்கள். அவர்கள் குறுக்கு விசாரணையில் என்ன சொன்னார்கள், மகஜரில் கையெழுத்து எங்கே போட்டார்கள், ஸ்டேஷனிலா சம்பவ இடத்திலா, அரிவாளில் ரத்தம் இருந்ததா, அது இறந்தவரின் ரத்தப் பிரிவுதானா, பொருளை எத்தனை நாள் கழித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள் என்று வரிசையாகப் பார்க்கவேண்டும்.

இதெல்லாம் நுணுக்கம் பார்ப்பது போலத் தெரியும். உங்களுக்குப் பக்கத்திலேயே, தேனி மாவட்டம் சுருளி அருவியில் 2011-ல் ஒரு ஜோடி கொலை செய்யப்பட்ட வழக்கு உங்களுக்கு நினைவிருக்கலாம். ஒருவருக்குத் தூக்கு விதித்தார்கள், 2019-ல் மதுரைக் கிளையும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. டிஎன்ஏ மாதிரிகள் யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது போனது என்பதற்குச் சரியான கணக்கு இல்லை, மற்ற சாட்சியங்களும் ஒன்றோடொன்று கோர்த்து நிற்கவில்லை என்றது. மாதிரிகளை 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்கவேண்டும், கைமாறும் ஒவ்வொரு இடத்துக்கும் பதிவேடு வேண்டும் என்று நாடு முழுவதற்கும் உத்தரவும் போட்டது. ஒரு பொட்டலம் எத்தனை நாள் எந்த அலமாரியில் இருந்தது என்ற கேள்வி ஒரு உயிரின் கேள்வியாக இருந்தது.

இனி டிரங்குப் பெட்டிக்கு வருவோம். அந்தச் சீட்டை எடுத்து லேமினேட் செய்துவிடாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்து நிறையப் பேர் அதைச் செய்கிறார்கள். அது சூட்டில் அச்சாகிற தெர்மல் காகிதமாக இருந்தால், சூடு பட்டதும் கறுத்துப்போகும், மிச்சம் இருக்கிற எழுத்தும் போய்விடும். மடிப்பைப் பிரித்து, பகல் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள். இரண்டு ஜெராக்ஸ் எடுங்கள். அசலைக் காகித உறைக்குள் போட்டு, அது யார் கையில் எப்போது வந்தது என்று உறைமேல் அம்மாவை எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாது என்றால் அவர் சொல்ல நீங்கள் எழுதுங்கள்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். எடை மேடைச் சீட்டில் லாரி நம்பர் இருக்கும், தேதி, நேரம், எடை இருக்கும். உங்கள் தம்பியின் பெயர் இருக்காது. அந்த லாரி அன்று அந்த நேரத்தில் மார்க்கெட்டில் இருந்தது என்பதை அது காட்டும். தம்பி அந்த லாரியில் லோடு இறக்கினார் என்பதை வேறு யாராவது காட்டவேண்டும். லோடுமேன் மேஸ்திரியிடம் கூலிக் கணக்கு நோட்டு இருந்ததா? மண்டியில் அன்றைய தேதியில் யாருக்கு எவ்வளவு கூலி என்று எழுதினார்களா? கூட இறக்கியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? வேறு இடத்தில் இருந்தேன் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்கவேண்டும் என்பது சட்டம். விசாரணையின்போதே சொல்லாமல் விட்டதால் இப்போது கூடுதல் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். நீதிபதி கேள்வி கேட்டபோது தம்பி “நான் மார்க்கெட்டில் இருந்தேன்” என்று ஒரு வரியாவது சொல்லியிருக்கிறாரா என்று கட்டில் முதலில் பாருங்கள். அந்த ஒரு வரி இருந்தால் நமக்குப் பெரிய பிடிமானம்.

அப்பீலில் புதிய ஆதாரத்தைச் சேர்க்க வழி இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 391-வது பிரிவு, அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸில் 432. கோர்ட் அதை அபூர்வமாகத்தான் அனுமதிக்கும். வக்கீல் விட்ட ஓட்டையை அடைக்க வந்தாயா என்று கேட்கும். நோட்டும் ஆளும் சேர்ந்து வந்தால் கேட்கலாம்.

இங்கேதான் உங்களை எச்சரிக்கவேண்டியிருக்கிறது. அந்த லோடுமேன்களைப் போய்ப் பாருங்கள், பெயரும் போன் நம்பரும் வாங்குங்கள். ஆனால் இப்படிச் சொல், அப்படிச் சொல் என்று ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். நினைவில்லை என்று சொன்னால் விட்டுவிடுங்கள். பணம் கொடுக்காதீர்கள், டீக்குக்கூட. எதிர்த்தரப்புச் சாட்சியின் வீட்டு வாசலுக்குப் போகவே போகாதீர்கள். பாசத்தில் செய்கிற காரியம் சாட்சியைக் கலைத்ததாக முடியும், உண்மையான ஆதாரமும் சேர்ந்து கெட்டுப்போகும்.

உங்கள் தம்பி நிரபராதி என்று நான் இப்போது எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். கட்டைப் படிக்காமல் அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. படிக்காமலே சொல்கிறவரை நீங்களும் நம்பாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபிறகு அந்தக் கட்டைப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது, அதைச் சொல்லலாம்.

அப்பீல் நம்பர் ஆனவுடன், தீர்ப்பு வரும்வரை தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீனில் விடக் கோரும் மனுவும் போடவேண்டும். புதிய சட்டத்தில் 430-வது பிரிவு. ஆயுள் தண்டனையில் அது சுலபம் இல்லை. ஆனாலும், அப்பீலை ஐந்தாறு வருடம் விசாரிக்க முடியாத நிலையில் ஒருவரை உள்ளேயே வைத்திருந்துவிட்டு, கடைசியில் நீ குற்றம் செய்யவில்லை என்று சொல்வது என்ன நியாயம் என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் கேட்டிருக்கிறது. வழக்கு ஆரம்பித்ததிலிருந்து தம்பி மொத்தம் எத்தனை நாள் உள்ளே இருந்திருக்கிறார் என்று கணக்கெடுத்துக் கொடுத்தால் அந்த மனுவுக்கு உதவும்.

நஷ்டஈடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, பின்னால் யாராவது ஆசை காட்டுவார்கள் என்பதால் சொல்கிறேன். தவறாகத் தண்டனை அடைந்தவருக்கு இவ்வளவு என்று நம் நாட்டில் சட்டம் இல்லை. வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018-ல் அறிக்கை கொடுத்தது. நாசிக் வழக்கில் ஆளுக்கு ஐந்து லட்சம் கொடுக்கச் சொன்னது கோர்ட்டாகப் பார்த்துச் செய்தது. பதினாறு வருடத்துக்கு ஐந்து லட்சம். விற்ற ஒன்றரை ஏக்கர் திரும்பி வரும் என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

அடுத்து மனு போட்டுத் தம்பியைப் பார்க்கப் போகும்போது அழுதுவிட்டு வந்துவிடாதீர்கள், இருக்கிற நேரம் கொஞ்சம். சட்ட உதவி மையத்தில் மனு கொடுக்கச் சொல்லுங்கள். அன்று லாரியில் வந்தது என்ன சரக்கு, எத்தனை மூட்டை, எந்த மண்டிக்கு, கூட நின்று இறக்கியவர்கள் யார் யார் என்று கேளுங்கள். நீங்கள் எடுத்துக் கொடுக்காமல் அவராகச் சொல்லட்டும். வெளியே வந்ததும், பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே, அவர் சொன்ன வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள். அந்தத் தாளையும் கட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அம்மாவையும் கூட்டி வாருங்கள், அந்தச் சீட்டு எப்படி அவர் கைக்கு வந்தது என்று நான் அவரிடமே கேட்கவேண்டும்.